கறுப்புச் சேற்றை அள்ளும் முன்... தோல் மண்டல ஏரிகளுக்குத் தேவை ஒரு பரிசோதனை!

ஏரி வண்டல் என்றாலே வயலுக்கு உரம்தான். ஆனால், தோல் கழிவு கலந்த ஏரியின் சேற்றையும் அப்படியே அள்ளிப் போடலாமா? அதில் குரோமியம் எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் போதாது. சல்ஃபைடு எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். ஏன் தெரியுமா?

வேலூரிலிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி. 1967-ல் தொடங்கப்பட்ட சிறு உயிரியல் பூங்கா, காட்டுக்குள் ஓர் அருவி என்று சுற்றுவட்டார மக்களுக்கு ஒருநாள் சுற்றுலாவுக்கு ஏற்ற இடம். மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்கும் ஓடை பாறைகளில் மோதி, குதித்து ஓடும். அப்படி ஓடும்போதே தண்ணீரில் காற்று கலந்துவிடும். அடியில் கூழாங்கல்லும் வெளிர் மணலும் தெரியும்.

அங்கிருந்து வடக்கே பாலாற்றுப் பக்கம் வந்தால் காட்சி மாறிவிடும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நீளும் தோல் மண்டலத்தில், கழிவு தேங்கிய ஓடையின் அடியை ஒரு கம்பால் கிளறிப் பார்த்தால் மை போலக் கறுத்த சேறு கிளம்பும். கூடவே அழுகிய முட்டை நாற்றமும் வரும்.

'கழிவு கலந்தால் கறுக்கத்தானே செய்யும்' என்று அதைக் கடந்துவிடுகிறோம். ஆனால், அந்தக் கறுப்புக்கும் நாற்றத்துக்கும் தனியே ஒரு வேதியியல் இருக்கிறது. சேற்றில் இருக்கும் உலோகங்கள் இப்போது அடங்கிக் கிடக்கின்றனவா, நாளை கிளம்பி வருமா என்பதை அதை வைத்துக் கணிக்க முடியும். ஏரிகளைத் தூர்வாரி, வண்டலை வயலுக்கு அள்ளிச் செல்லும் இந்தக் காலத்தில் அந்தக் கணிப்பு மிகவும் அவசியம்.

முட்டையில் தெரியும் வேதியியல்

முட்டையை அதிக நேரம் வேகவைத்துவிட்டு, ஆறியதும் வெட்டிப் பாருங்கள். மஞ்சள் கருவைச் சுற்றி பச்சையும் கறுப்பும் கலந்த ஒரு வளையம் தெரியும். வெள்ளைக் கருவில் இருக்கும் கந்தகம் சூட்டில் ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாறுகிறது. அது மஞ்சள் கருவில் இருக்கும் இரும்போடு சேரும்போது உருவாவது இரும்பு சல்ஃபைடு. வளையத்தின் நிறத்துக்குக் காரணம் அதுதான். வெள்ளிக் கொலுசு கறுத்துப்போவதும் இதே குடும்பத்துச் சங்கதிதான். அங்கே கந்தகத்தோடு சேர்வது வெள்ளி.

ஏரியின் அடியிலும் இதுதான் நடக்கிறது. அடுப்புக்குப் பதில் அங்கே வேலை செய்பவை பாக்டீரியாக்கள்.

கழிவும் அழுகிய தாவரங்களும் சேர்ந்த சேற்றில், மேலே உள்ள சில மில்லிமீட்டர் அடுக்கிலேயே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அதற்குக் கீழே காற்று இல்லாமலேயே வாழும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பதுபோல, இவற்றில் ஒரு வகை நீரில் கரைந்திருக்கும் சல்ஃபேட்டைப் பயன்படுத்தி உயிர் வாழ்கிறது. அது வெளியே விடும் கழிவுதான் ஹைட்ரஜன் சல்ஃபைடு. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பணியாற்றிய மார்ட்டினுஸ் பெய்ஜெரிங்க் என்ற நுண்ணுயிரியலாளர், 1895-லேயே இப்படிப்பட்ட ஒரு பாக்டீரியாவைப் பிரித்துக் காட்டினார்.

அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு மண்ணில் இருக்கும் இரும்போடு சேர்ந்தால் சேறு கறுக்கும். முதலில் உருவாவது மேக்கினவைட், கிரெய்கைட் போன்ற, எளிதில் வினைபுரியும் இரும்பு சல்ஃபைடுகள். காலப்போக்கில் இவற்றில் ஒரு பகுதி, தங்கம்போல மின்னும் பைரைட்டாக மாறும். பிச்சாவரம் அலையாத்திக் காட்டுச் சேறும் சென்னைக் கூவமும் கறுத்து நாறுவதற்கும் இதுவே முக்கியக் காரணம். பிச்சாவரத்தில் சல்ஃபேட்டைக் கொடுப்பது கடல் நீர். சரி, கடலே இல்லாத ஆம்பூருக்குச் சல்ஃபேட் எங்கிருந்து வருகிறது?

டேனரியிலிருந்து ஏரிக்கு...

தோல் பதனிடும் முறையைப் பார்த்தால் விடை கிடைக்கும். உப்பிட்டு வரும் பச்சைத் தோலை முதலில் ஊறவைத்துக் கழுவுவார்கள். பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் கலந்த நீரில் போட்டு முடியை நீக்குவார்கள். அடுத்து, உப்பும் கந்தக அமிலமும் கலந்த கரைசலில் தோலைப் பக்குவப்படுத்துவார்கள். கடைசியாக குரோமியம் சல்ஃபேட் கரைசல். அதில் ஊறி, நீல நிறத்தில் வெளியே வரும் தோலுக்குத் தொழிலில் 'வெட் ப்ளூ' என்று பெயர்.

இந்தப் பட்டியலைக் கவனித்தால், ஏறக்குறைய ஒவ்வொரு கட்டத்திலும் கந்தகம் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. சல்ஃபைடாக, கந்தக அமிலமாக, சல்ஃபேட்டாக. கூடவே முடி, சதைத் துணுக்கு, கொழுப்பு என்று பாக்டீரியாவுக்கான தீனியும் கழிவில் போகிறது. சரியாகச் சுத்திகரிக்காமல் இந்த நீர் ஏரியையோ ஓடையையோ அடைந்தால், கறுப்புச் சேறு உருவாகத் தேவையான அத்தனையும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும்.

பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் மணலாறு. அதனால் ஆறு முழுக்கக் கறுப்புச் சேறு இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. கழிவு ஓடைகள், அவை வந்து சேரும் இடங்கள், தேங்கிய குட்டைகள், தண்ணீர் நிற்கும் ஏரிகள் ஆகியவைதான் இதற்கு வாய்ப்புள்ள இடங்கள்.

உலோகங்களைக் கட்டிப்போடும் சேறு

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. நாற்றமடிக்கும் இந்தச் சல்ஃபைடுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு.

காட்மியம், ஈயம், செம்பு, நிக்கல், துத்தநாகம் போன்ற உலோகங்களுக்கு இரும்பைவிடச் சல்ஃபைடோடு நெருக்கம் அதிகம். இவை சேற்றுக்குள் வந்தால், இரும்பு சல்ஃபைடில் இருக்கும் இரும்பை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்படிச் சேர்ந்த பிறகு எளிதில் நீரில் கரையாது. கரையாத உலோகம் மீனுக்குள்ளோ புழுவுக்குள்ளோ போவதும் கடினம்.

அமெரிக்காவில் டொமினிக் டி டோரோவும் சக ஆய்வாளர்களும் 1990-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. சேற்றில் மொத்தம் எவ்வளவு காட்மியம் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து அங்கே வாழும் உயிர்கள் சாகுமா, பிழைக்குமா என்று சொல்ல முடியவில்லை. ஆனால், காட்மியத்தைச் சல்ஃபைடின் அளவோடு ஒப்பிட்டபோது கணக்கு பொருந்தியது. சல்ஃபைடு அதிகமாகவும் காட்மியம் குறைவாகவும் இருந்த சேற்றில் உயிர்கள் காட்மியத்தால் சாகவில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2005-ல் வெளியிட்ட வழிகாட்டியும் இந்த ஒப்பீட்டை அடிப்படையாகக் கொண்டதுதான்.

சரி, தோல் மண்டலத்தின் முக்கியப் பிரச்னையான குரோமியம்? அதன் கதை கொஞ்சம் வேறு.

குரோமியம் சேற்றில் சல்ஃபைடோடு சேர்ந்து படியாது. ஆனால் அதற்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று, மூவிணைத்திற குரோமியம். இது நடுநிலையான நீரில் அதிகம் கரையாது, உடலுக்குள் எளிதில் புகாது. தோல் பதனிடப் பயன்படுவது இதுதான். இன்னொன்று, ஆறிணைத்திற குரோமியம். இது நீரில் கரையும், நிலத்தடிக்கு இறங்கும், புற்றுநோயையும் உண்டாக்கும்.

இரும்பு சல்ஃபைடு இருக்கும் சேற்றில் ஆறிணைத்திற குரோமியத்தால் நிலைத்திருக்க முடியாது. சல்ஃபைடும் இரும்பும் அதை மூவிணைத்திறமாக மாற்றிவிடும். ஆக, ஒரு சேற்றில் வினைபுரியும் சல்ஃபைடு போதுமான அளவு இருந்தால், 'இங்கே குரோமியம் இப்போதைக்கு ஆபத்து குறைந்த வடிவில் இருக்கிறது' என்று சொல்லலாம். அமெரிக்க ஆய்வாளர்கள் 2004-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றும் இதையே காட்டியது.

இதற்காகச் சல்ஃபைடு மிகுந்த ஏரியை ஆரோக்கியமான ஏரி என்று சொல்லிவிட முடியாது. ஹைட்ரஜன் சல்ஃபைடே மீனுக்கு விஷம். சல்ஃபைடு நிறைந்த சேறு, ஆக்சிஜன் இல்லாமல் திணறும் ஏரியின் அடையாளம். உலோகங்கள் அங்கே கட்டுண்டு கிடக்கின்றன என்பது மட்டும்தான் அதற்குப் பொருள்.

எப்படி அளக்கிறார்கள்?

சேற்றில் இருக்கும் வினைபுரியும் சல்ஃபைடை அளக்கும் முறைக்கு ஆய்வகங்களில் சுருக்கமாக 'ஏ.வி.எஸ்' என்று பெயர். 'அமிலம் பட்டால் வாயுவாக வெளியேறும் சல்ஃபைடு' என்று அர்த்தம். முறை இதுதான்.

1. ஏரியின் அடியில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செங்குத்தாக இறக்கி, சேற்றை அடுக்கு கலையாமல் எடுப்பார்கள். உடனே இரு முனைகளையும் மூடிவிடுவார்கள். காற்றே படக் கூடாது.

2. ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுசெல்வார்கள். உடனே சோதிக்க முடியாவிட்டால் உறைய வைப்பார்கள்.

3. நைட்ரஜன் வாயு ஓடும் மூடிய கண்ணாடிக் குடுவையில் கொஞ்சம் சேற்றை இட்டு, குளிர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்ப்பார்கள். எளிதில் வினைபுரியும் சல்ஃபைடு முழுக்க ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாகக் கிளம்பும்.

4. நைட்ரஜன் அந்த வாயுவை அடுத்த குடுவைக்குத் தள்ளிச் செல்லும். அங்கே இருக்கும் காரக் கரைசலோ துத்தநாக அசிடேட் கரைசலோ அதைப் பிடித்துவைக்கும்.

5. அதில் குறிப்பிட்ட ரசாயனங்களைச் சேர்த்தால் 'மெத்திலீன் ப்ளூ' என்ற நீலச் சாயம் உருவாகும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ, அவ்வளவு சல்ஃபைடு. கருவி அதை எண்ணாகக் கொடுத்துவிடும்.

6. முதல் குடுவையில் மிஞ்சிய அமிலத்தில் சேற்றின் உலோகங்கள் கரைந்திருக்கும். அவற்றையும் அளந்து, சல்ஃபைடோடு ஒப்பிடுவார்கள்.

ஒப்பீடு எடையில் செய்யப்படுவதில்லை, மோல் கணக்கில் நடக்கிறது. மோல் என்பது 'டஜன்' மாதிரி ஓர் எண்ணிக்கை அலகு. ஓர் உதாரணம்: ஒரு கிராம் உலர்ந்த சேற்றில் சல்ஃபைடு 10 மைக்ரோமோல், ஐந்து உலோகங்களும் சேர்ந்து 6 மைக்ரோமோல் என்று வைத்துக்கொள்வோம். எல்லா உலோகத்தையும் கட்டிப்போட்ட பிறகும் 4 மைக்ரோமோல் சல்ஃபைடு மிச்சம் இருக்கிறது. இதே கணக்கு தலைகீழாக, உலோகம் 10, சல்ஃபைடு 6 என்று வந்தால் உஷாராக வேண்டும். கட்டுப்படாத உலோகம் நீருக்குள் வர வாய்ப்பிருக்கிறது.

குளிர்ந்த அமிலத்துக்கு அசையாதது பைரைட். அதை அளக்க வேறு வழி உண்டு. டொனால்ட் கேன்ஃபீல்டும் சக ஆய்வாளர்களும் 1986-ல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு அந்த வழி பரவலானது. அமிலத்தோடு ஒரு வீரியமான ரசாயனத்தைச் சேர்த்துச் சூடாக்கினால், பைரைட்டில் இருக்கும் கந்தகமும் ஹைட்ரஜன் சல்ஃபைடாக வெளியே வந்துவிடும். அந்த ரசாயனம் எது தெரியுமா? குரோமியம் குளோரைடு! பாலாற்றுப் படுகையில் எந்த உலோகம் பிரச்னையோ, அதே உலோகத்தின் இன்னொரு வடிவம்தான் ஆய்வகத்தில் அளவுகோலாகப் பயன்படுகிறது.

காற்று பட்டால் என்ன ஆகும்?

சல்ஃபைடு பிடித்துவைத்திருக்கும் உலோகங்கள், சேறு தண்ணீருக்கு அடியில் இருக்கும் வரைதான் அடங்கிக் கிடக்கும். ஜே.சி.பி இறங்கி, சேற்றை அள்ளிக் கரையில் கொட்டிய பிறகு நிலைமை வேறு.

கறுப்புச் சேற்றைக் கரையில் விட்டுப் பார்த்தால், வெளிப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுப்பு நிறத்துக்கு மாறும். இரும்பு சல்ஃபைடு ஆக்சிஜனோடு சேர்ந்து துருவாக மாறுவதன் அடையாளம் அது. மேக்கினவைட் போன்றவை சில மணி நேரங்களிலேயே இப்படி மாறத் தொடங்கும். பைரைட்டுக்கு வாரங்கள், மாதங்கள் ஆகலாம். அதிலிருக்கும் கந்தகம் கடைசியில் கந்தக அமிலமாகிறது.

இப்படி மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. உலோகங்களைப் பிடித்துவைத்திருந்த சல்ஃபைடு அழிகிறது. அமிலம் உருவாகி, உலோகங்களைக் கரைக்கிறது. காற்றுபட்ட மண்ணில் இருக்கும் மாங்கனீசு ஆக்சைடுகள், மூவிணைத்திற குரோமியத்தின் ஒரு பகுதியை மீண்டும் ஆறிணைத்திறமாக மாற்றக்கூடும்.

அமிலத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து மாநிலமே சாட்சி. கேரளத்தின் குட்டநாட்டில் 'கரி நிலம்' என்று அழைக்கப்படும் வயல்கள் உண்டு. சல்ஃபைடு நிறைந்த பழைய சதுப்பு மண் அது. காய்ந்து காற்று பட்டால் கடும் அமிலமாகிவிடும் என்பதால், அங்கே நெல் விளைவிக்கும் விவசாயிகள் சுண்ணாம்பு போட்டே காலம் தள்ளுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2000-களின் பிற்பகுதியில் கடும் வறட்சி வந்தபோது, மர்ரே ஆற்றின் கடைக்கோடியில் இருக்கும் ஏரிகள் வற்றி, அடியிலிருந்த சேறு வெளியே தெரிந்தது. அமிலம் பரவாமல் தடுக்க அரசே சுண்ணாம்பு தூவ வேண்டியதாயிற்று.

வேலூர்ப் பகுதியிலும் இதேதான் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. மண்ணில் இயல்பாகவே சுண்ணாம்புச் சத்து இருந்தால், அது உருவாகும் அமிலத்தை முறித்துவிடும். டேனரிக் கழிவோடு வந்த சுண்ணாம்பும் அதே வேலையைச் செய்யலாம். ஓர் ஏரியில் இருப்பது இன்னோர் ஏரியில் இருக்காது. அதனால்தான் ஊகிப்பதைவிட அளந்து பார்ப்பது முக்கியமாகிறது.

ஏன் இப்போது இந்தக் கேள்வி?

தமிழகத்தில் 2016-17-ல் குடிமராமத்துப் பணிகள் மீண்டும் தொடங்கின. அதன்பிறகு ஏரிகளைத் தூர்வாருவது வேகம் பிடித்தது. ஏரி வண்டலை விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு அனுமதிக்கிறது. 2024-ல் இந்த அனுமதியை வட்டாட்சியர் அளவிலேயே பெறலாம் என்று நடைமுறை எளிதாக்கப்பட்டது. பெரும்பாலான மாவட்டங்களுக்கு இது நல்ல செய்திதான். ஏரியும் ஆழமாகும், வயலுக்கும் சத்து சேரும்.

ஆனால், தோல் மண்டலத்தின் கதை தனி. இந்தப் பகுதியில் தோல் கழிவால் நிலமும் நீரும் கெட்டது குறித்து, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் மண்டலத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போய்விட்டது என்ற தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையக் கணக்கெடுப்பு அந்தத் தீர்ப்பில் இடம்பெற்றிருக்கிறது. 'முன்னெச்சரிக்கைக் கொள்கை', 'மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும்' என்ற இரண்டும் இந்தியச் சட்டத்தின் அங்கம் என்று அறிவித்த தீர்ப்பு அது. பிறகு அமைக்கப்பட்ட ஆணையம், பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர் என்று கண்டறிந்து இழப்பீட்டை நிர்ணயித்தது.

வழக்கு அதோடு முடியவில்லை. 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு, விடுபட்ட இழப்பீட்டை வழங்கவும், பாலாற்றைச் சீரமைக்கவும், அதைக் கண்காணிக்க ஒரு குழு அமைக்கவும் உத்தரவிட்டது.

ராணிப்பேட்டையின் சுமை இன்னும் பெரியது. 1990-களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை, 2 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவை விட்டுச்சென்றது. அது ஆபத்தான ஆறிணைத்திற குரோமியம் கலந்த கழிவு. நியூயார்க்கைச் சேர்ந்த பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006-ல் வெளியிட்ட, உலகின் மிக மோசமாக மாசடைந்த 10 இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டை இடம்பிடித்தது.

இன்று தண்ணீருக்கு வரம்புகள் இருக்கின்றன. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். சல்ஃபைடுக்கும் அதே 0.05 மில்லிகிராம்தான். ஆறு, ஏரிகளில் விடப்படும் தொழிற்சாலைக் கழிவு நீரில் மொத்தக் குரோமியம் 2 மில்லிகிராம், ஆறிணைத்திற குரோமியம் 0.1 மில்லிகிராம், சல்ஃபைடு 2 மில்லிகிராம் என்பது வரம்பு. நாம் அடிக்கடி கேள்விப்படும் இந்த எண்கள் எல்லாம் தண்ணீருக்கானவை. ஆனால், பல ஆண்டுகளாக அந்தத் தண்ணீர் விட்டுச்சென்ற உலோகம் சேர்ந்து கிடப்பது சேற்றில்.

மூக்கை நம்பாதீர்கள்!

சேற்றைக் கையாள்பவர்களின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்றும் இருக்கிறது. ஆய்வகக் குடுவையில் அமிலம் பட்டதும் வாயு கிளம்புகிறதே, அதேதான் டேனரித் தொட்டியிலும் நடக்கும். முடி நீக்கிய சல்ஃபைடு நீரும் அமிலக் கழிவு நீரும் ஒரே தொட்டியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு குபீரெனக் கிளம்பும். அடியில் தங்கிய கசடைக் கிளறும்போதும் வெளியேறும்.

இந்த வாயு காற்றைவிடக் கனமானது. பள்ளத்திலும் தொட்டிக்குள்ளும் தங்கிவிடும். மிகக் குறைந்த அளவிலேயே அழுகிய முட்டை வாசம் தெரியும். ஆனால், காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை எட்டும்போது மூக்கு மரத்துப்போய்விடும். 'நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம்' என்று நினைக்கும் நேரம்தான் மிக ஆபத்தானது. அளவு இன்னும் கூடினால், ஓரிரு மூச்சிலேயே ஆள் சரிந்துவிடலாம். ஒருவர் விழுந்ததும் காப்பாற்ற இறங்கும் அடுத்தவரும் விழுவது இதனால்தான்.

கசடை முறையாக வைத்திருக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை ராணிப்பேட்டை வேறு விதத்திலும் பார்த்திருக்கிறது. 2015 ஜனவரி 31 அதிகாலை, அங்கிருந்த சிட்கோ தொழிற்பேட்டையின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுக் கசடைத் தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

அமிர்தி எதற்கு உதவும்?

மண்ணிலும் பாறையிலும் இயற்கையாகவே கொஞ்சம் குரோமியம் உண்டு. ஆகவே, 'இந்த ஏரிச் சேற்றில் இவ்வளவு குரோமியம்' என்று ஓர் எண்ணை மட்டும் சொன்னால், அதில் இயற்கை எவ்வளவு, டேனரி எவ்வளவு என்று தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க, அதே வட்டாரத்தில் தொழிற்சாலைக் கழிவு கலக்காத ஓர் இடம் வேண்டும். காட்டுக்குள் இருக்கும் அமிர்தி ஓடை மாதிரியான மலையடிவார நீர்நிலைகள் அதற்கு உதவும்.

அப்படி ஒப்பிடும்போதும் மணலை மணலோடும், சேற்றைச் சேற்றோடும்தான் ஒப்பிட வேண்டும். ஓடும் ஓடையின் மணலில் சல்ஃபைடு இருக்காது. அதே பகுதியில் இலைதழை அழுகித் தேங்கிய குட்டையில் கொஞ்சம் இருக்கலாம். கறுப்பாக இருப்பதெல்லாம் தொழிற்சாலைக் கழிவு அல்ல என்பதையும் அந்த ஒப்பீடு காட்டிக்கொடுக்கும்.

தூர்வாரும் முன் என்ன செய்யலாம்?

* தண்ணீர் இருக்கும்போதே மாதிரி எடுக்க வேண்டும். கோடையில் ஏரி வறண்டு வெடித்த பிறகு எடுத்தால், மேலடுக்கின் சல்ஃபைடு அதற்குள் காற்றில் மாறியிருக்கும். மழைக்குப் பிறகு ஒருமுறை, வறளும் முன் ஒருமுறை எடுத்தால் உண்மை நிலை தெரியும்.

* ஓர் இடம் போதாது. கழிவு நீர் நுழையும் வாய், ஏரியின் நடுப்பகுதி, மதகுப் பக்கம் என்று குறைந்தது மூன்று இடங்களில், ஆழம் வாரியாக எடுக்க வேண்டும். மேலே 10 செ.மீ. சுத்தமாக இருந்து, கீழே பழைய கழிவு புதைந்திருக்கலாம்.

* நான்கு அளவுகளைக் கேட்டு வாங்குங்கள். வினைபுரியும் சல்ஃபைடு, பைரைட் சல்ஃபைடு, அமிலத்தில் கரையும் உலோகங்கள், மொத்தக் குரோமியம். கரையில் காயவைத்த சேற்றில் ஆறிணைத்திற குரோமியத்தையும் பார்ப்பது நல்லது.

* செலவில்லாத ஒரு பூர்வாங்கச் சோதனையும் உண்டு. அமில மண்ணை ஆராய்பவர்கள் கையாளும் முறை இது. சேற்றை மெல்லிய தட்டையாகப் பரப்பி, ஈரம் காயாமல் குறைந்தது 8 வாரங்கள் காற்றில் வைத்திருப்பார்கள். முதலிலும் கடைசியிலும் பி.ஹெச் அளவைப் பார்ப்பார்கள். அது 4-க்குக் கீழே இறங்கினால், அந்தச் சேற்றை வயலில் போடக் கூடாது. ஒரு பள்ளி ஆய்வகத்திலேயே இதைச் செய்யலாம். ஆனால் பி.ஹெச் நன்றாக இருக்கிறது என்பதாலேயே உலோகம் இல்லை என்று ஆகிவிடாது.

* சேற்றில் நீங்களாக அமிலம் ஊற்றிப் பார்க்காதீர்கள். வெளியேறும் வாயு விஷம். அது ஆய்வகத்தின் வேலை.

* சேறு சந்தேகமாக இருந்தால் வயலுக்கு வேண்டாம். வீட்டுத் தோட்டத்துக்கும் வேண்டாம். மழைநீர் பட்டு ஓடாத இடத்தில், அடியில் தடுப்புப் போட்டுச் சேமிக்க வேண்டிய பொருள் அது. அந்தச் செலவு யாருடையது என்பதை 1996 தீர்ப்பே சொல்லிவிட்டது: மாசுபடுத்தியவருடையது.

மூலத்திலேயே குறைப்பது

சேற்றை அளப்பது பழைய கணக்கைத் தீர்க்கத்தான். புதிதாகச் சேராமல் இருக்க, கழிவிலேயே கந்தகத்தையும் குரோமியத்தையும் குறைக்க வேண்டும். 1948-ல் தொடங்கப்பட்ட சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இதற்கான வழிகளை உருவாக்கியிருக்கிறது. சோடியம் சல்ஃபைடின் வேலையில் ஒரு பகுதியை நொதிகளைக் கொண்டு செய்யலாம். தண்ணீர் இல்லாமல் குரோமியம் ஏற்றும் முறையும் உண்டு. இதில் குரோமியம் கழிவில் போகாமல் தோலிலேயே தங்குகிறது. பயன்படுத்திய குரோமியத்தைக் கழிவிலிருந்து மீட்டு, மறுபடி பயன்படுத்தவும் முடியும்.

தோல் தொழிலை நம்பி ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பல்லாயிரம் குடும்பங்கள் வாழ்கின்றன. அதே ஊர்களின் விவசாயிகளுக்கு ஏரியும் கிணறும்தான் வாழ்க்கை. தொழிலா, விவசாயமா என்ற பழைய பட்டிமன்றம் இதற்கு விடை தராது. எந்த ஏரியின் சேற்றைத் தைரியமாக அள்ளலாம், எதைத் தண்ணீருக்கடியிலேயே விட்டுவைப்பது நல்லது, எதைப் பாதுகாப்பாக அகற்றியே ஆக வேண்டும் என்று ஏரி வாரியாக ஒரு பட்டியல் இருந்தால் இரு தரப்புக்கும் நல்லது.

அதற்கான பரிசோதனை முறைகள் 30 ஆண்டுகளுக்கும் மேலாக உலகில் புழக்கத்தில் இருக்கின்றன. அடுத்த முறை உங்கள் ஊர் ஏரிக்கு ஜே.சி.பி வரும்போது, 'சேற்றைச் சோதித்தாகிவிட்டதா?' என்று கிராம சபையில் ஒருவர் எழுந்து கேட்டாலே போதும், வேலை தொடங்கிவிடும்.